பட்டாள லொறிக்குள் கட்டிய வீடு

பட்டாளம் கழித்துவிட்ட அந்த லொறியை நான் ஏலத்தில் எடுத்தது பிரச்சினைகள் தொடங்குவதற்கு முன்பு. அப்போது யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் எனக்கு ஒரு சிறிய கராஜ் இருந்தது. புகையிலையும் எருவும் ஏற்ற உதவும் என்று நினைத்தேன். முன்சில்லுகளும் சேர்ந்து இழுக்கும் வண்டி அது. உழுத வயலுக்குள்ளும் இறங்கி ஏறும். பிறகு யுத்தத்தில் பெற்றோல் வருவது நின்றுபோக, லொறியும் கராஜுக்குப் பின்னால் நின்றுவிட்டது. அதற்குள் கோழிகள் அடைந்தன.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆடியில் ஊருக்குள் ஷெல் விழத் தொடங்கியது. அக்காவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, ஒரு சீலையால் என் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தால் இரண்டு கால்களும் வழங்காது. கைமெசினில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்து உழைத்தவள். ஒரு மதகடியில் சைக்கிள் சறுக்கி இரண்டு பேரும் விழுந்தோம். அவளுடைய முழங்கை பிளந்து எலும்பு தெரிந்தது. அவள் அழவில்லை. சீலை முடிச்சை அவிழ்க்க முடியாமல் நான்தான் அழுதேன்.

சில வாரங்களில் வீடு திரும்பினோம். அன்றைக்கு அக்கா கதிரையில் இருந்தபடி சொன்னாள்: "அடுத்த முறை என்னை வீட்டிலை விட்டிட்டுப் போங்கோ. ஒரு செம்பு தண்ணியைப் பக்கத்திலை வைச்சால் காணும்."

என் மனைவி குசினிக்குள் போய்விட்டாள். நான் கராஜுக்குப் பின்னால் போய்க் கோழிகளைக் கலைத்தேன்.

லொறியை வீடாக்குவது என்று முடிவெடுத்தது அப்போதுதான். எஞ்சினைப் பிரித்துப் பூட்ட ஒரு மாதம் போனது. இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். புகை கண்ணைக் கரித்தாலும் ஓடியது. பின்பெட்டியின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பலகை அடித்தேன். வலப்பக்கம் அக்காவுக்கு ஒரு கட்டில், அதன் தலைமாட்டில் தையல்மெசினைப் பூட்ட ஒரு தட்டு, மூலையில் கீழே துளை போட்ட ஒரு கதிரை, அதைச் சுற்றிச் சாக்குத்திரை. யாரிடமும் கேட்காமல் அவள் கக்கூசுக்குப் போகவேண்டும் என்று அந்தக் கதிரையைத்தான் நான் எல்லாவற்றையும்விடக் கவனமாகச் செய்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நிலத்தில் பாய். ஒரு யன்னல்.

மனைவிக்கு வேறு பயம். "மேலையிருந்து பாக்கிறவனுக்கு இது இயக்கம் பிடிச்ச ஆமி லொறி மாதிரித்தானே தெரியும்?" என்றாள். அது எனக்கும் தெரியும். வீதியில் போன வாகனங்களை அரசாங்கத்தின் ஹெலிகொப்டர் துரத்திச் சுட்டதை இரண்டு பேரும் கண்டிருக்கிறோம். மேலே படங்குச் சீலையால் மூடி அதன்மேல் தென்னோலைக் கிடுகு வேய்ந்தேன். தூரத்தில் நின்று பார்த்தால் சில்லு பூட்டிய கொட்டில் போல இருந்தது. ஆனாலும் வானத்தில் சத்தம் கேட்கும்போதெல்லாம் மனைவி வெளியே வந்து லொறியையும் வானத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

ஐப்பசியில் ஆமி நெருங்க, எல்லோரும் எங்கள் பகுதியான வலிகாமத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் வெளிக்கிட்டபோது விடிந்துகொண்டிருந்தது. அக்காவும் மனைவியும் பின்னால். பின்கதவை உள்ளுக்குள் கொளுக்கி போடச் சொன்னேன்.

யாழ்ப்பாணத்தைக் கடந்ததும் வீதியே தெரியவில்லை. மாடுகள், சைக்கிள்கள், தலையில் மூட்டைகள், அடை மழை. லொறி மனிதர் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தது. ஏத்திக்கொண்டு போகச் சொல்லிப் பலர் என் பக்கத்துக் கதவைத் தட்டினார்கள். இடமில்லை என்றேன். ஒருவரை ஏற்றினால் நூறு பேர் ஏறுவார்கள், ஸ்பிரிங் முறிந்தால் அக்கா நடுரோட்டில் கிடப்பாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே கண்ணாடியை ஏற்றினேன். அப்படியே ஐந்தாறு மணித்தியாலம் போனது.

நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட ஒரு இளம் மனிதன் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் லொறியோடு சேர்ந்து நடந்தான். பாரில் அவன் மனைவி சாய்ந்திருந்தாள். அவள் மடியில் பிறந்து இரண்டு நாளான குழந்தை, பொலித்தீன் சுற்றியபடி. யன்னலுக்கு நேரே அவர்கள் வந்தபோது அக்கா தலையை நீட்டிக் கதைத்திருக்கிறாள். பிறகு என் முதுகுக்குப் பின்னால் இருந்த தகரத்தில் ஓங்கித் தட்டினாள். நான் இறங்கிப் பின்னால் போனேன்.

"அந்தப் பிள்ளை பெத்தவளுக்கு இரத்தம் நிக்கேல்லையாம். கதவைத் திற," என்றாள்.

"திறந்தால் எல்லாரும் ஏறிவிடுவினம் அக்கா."

"ஏறட்டும். இந்த வீடு எனக்கெண்டுதானே கட்டினனி? அப்ப நான் சொல்லுறன், திற."

மனைவி என்னைப் பார்க்காமல் கொளுக்கியைக் கழற்றினாள்.

கட்டிலை இறக்கி வீதியோரத்தில் வைத்தோம். மெசினைக் கழற்றும்போது என் கை நின்றது. அக்கா மறுபக்கம் திரும்பிக்கொண்டு, கெதியாய்ச் செய் என்றாள். கதிரையும் போனது. அந்தப் பெண்ணைப் பாயில் கிடத்தினோம். நடக்க முடியாத கிழவர்களும் பிள்ளைகளும் ஏறினார்கள். யாரும் முண்டியடிக்கவில்லை. நான் பயந்த நூறு பேர் வரவில்லை. ஏறமுடியாதவர்கள் தங்கள் பிள்ளைகளை மட்டும் தூக்கித் தந்து, சாவகச்சேரி ஆஸ்பத்திரி வாசலில் வந்து கூட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு நடந்தார்கள்.

பாலம் தாண்டியதும் வீதி முற்றாக அடைபட்டது. சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்கு இன்னும் பல மைல். அந்தப் பெண்ணின் உதடு வெளுத்துவிட்டது என்று மனைவி வந்து சொன்னாள். இடப்பக்கம் தரவை, வெறும் வெளி. மழைவெள்ளத்தில் எங்கே நிலம், எங்கே சேறு என்று தெரியவில்லை. முன்சில்லுக் கியரைப் போட்டுக் கீழே இறக்கினேன்.

கொஞ்சத் தூரம் நன்றாகவே போனது. பிறகு பின்சில்லு புதைந்தது. வேகத்தைக் கூட்டிக் கொடுக்கக் கொடுக்க இன்னும் இறங்கியது, லொறி ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே குழந்தைகள் வீரிட்டன. அந்த நேரம் பார்த்து ஹெலியின் சத்தம் கேட்டது. வெட்டவெளியில் நாங்கள் மட்டும். கிடுகில் பாதியைக் காற்று கொண்டுபோயிருந்தது. எல்லோரையும் இறங்கித் தள்ளிப் போய்ப் படுக்கச் சொன்னேன். அக்காவும் அந்தப் பெண்ணும் இறங்க முடியாது. மனைவி இறங்க மாட்டேன் என்றாள். குழந்தையின் தகப்பன் லொறிக்கடியில் சேற்றில் கிடந்தான்.

சத்தம் எங்கள் தலைக்கு மேல் வந்து, சுற்றி, கடலேரிப் பக்கம் போனது. ஏன் போனது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சுவர்ப் பலகைகளை அலவாங்குக் கம்பியால் நெம்பிக் கிளப்பினோம். நான் ஒவ்வொன்றாக அளந்து அறுத்த பலகைகள். அவற்றைச் சில்லுக்கடியில் செருகி, நிற்கக் கூடியவர்கள் எல்லோரும் தள்ள, மூன்றாம் முறை வண்டி துள்ளி ஏறியது. பொழுதுபடுவதற்குள் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விட்டோம். அக்கா அந்தப் பெண்ணின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனபிறகும் மடியைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பெண் பிழைத்தாள். கணவன் மூன்றாம் நாள் தேடி வந்து சொன்னான்.

அதன்பிறகு கரவெட்டியில் ஒரு தெரிந்தவரின் வளவில் லொறியை நிறுத்தி, சுவர் இருந்த இடத்தில் சாக்குக் கட்டி மாரி முழுக்க இருந்தோம். அக்கா ஊசியும் நூலும் வாங்கி வரச் சொல்லிக் கையால் தைக்கத் தொடங்கினாள். மெசினைப் பற்றி அவள் ஒருமுறையும் கேட்கவில்லை.

ஒரு நாள் நான்தான் கதையை எடுத்தேன். அந்த ஐந்தாறு மணித்தியாலமும் கதவைப் பூட்டி வைத்திருந்தது என் பிழை என்றேன். அக்கா நூலைக் கடித்து அறுத்தாள்.

"ஓம், பிழைதான்," என்றாள். "நானும் உள்ளுக்கை கட்டிலிலை சுகமாய்ப் படுத்திருந்தனான்."

பிறகு, தைத்த சட்டையை உதறி, மனைவியிடம் அளவு பார்க்கக் கொடுத்தாள்.