சுழிக்குள் விட்ட வெட்டு

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. அறுபதுகளில் செஞ்சியில் என் வீட்டுக்காரர் சுவர் விளம்பரம் எழுதுவார். அவலூர்பேட்டை சாலை முழுக்க, படத்தின் பேருக்கு மேலே ஒரே மாதிரி ‘இன்று’ என்ற எழுத்து வேண்டும் என்றார் டூரிங் டாக்கீஸ் முதலாளி. தகரத்தில் எழுத்தை வெட்டி, சுவரில் வைத்து பெயிண்ட் அடிக்கலாம் என்று சொன்னது நான். வெட்டியதும் நான்தான்.

நெட்டுக்கோடு கட்டைவிரல் தடிமன், படுக்கைக்கோடு ஈர்க்குச்சி. முதல் தகரத்தில் மெல்லிய கோட்டில் பெயிண்ட் இறங்கவில்லை, அடுத்ததில் கசிந்தது. ‘ன’வின் சுழிக்குள் இருக்கும் தகரம் விழுந்துவிடாமல் பிடிக்க, குறுக்கே ஒரு துண்டை வெட்டாமல் விட்டேன். சுவரில் அது வெள்ளை வெட்டாகத் தெரிந்தது. எழுத்துக்கே தனி மிடுக்கு! எல்லா எழுத்திலும் அப்படியே வைத்தேன்.

கடைத்தெருச் சுவரில் அடித்துவிட்டு, சோறாக்கப் போனேன். திரும்பி வந்தால், எல்லா வெட்டையும் பிரஷ்ஷால் அடைத்து வைத்திருந்தார் வீட்டுக்காரர்.

“இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க?”

“எழுத்து ஒடஞ்சி ஒடஞ்சி இருந்துச்சிடி. ஒட்டிட்டேன்.”

சுண்ணாம்பைக் குழைத்து அவர் அடைத்த இடத்தில் பூசி, கடைத்தெருவே பார்க்க ஒவ்வொரு வெட்டையும் திறந்தேன். அப்போது முதலாளி வந்தார். “யாரு எழுத்துய்யா இது? பஸ்ல போறவன்கூட திரும்பிப் பாப்பான்!”

“நம்ம கைதாங்க,” என்றார் வீட்டுக்காரர். நான் சுண்ணாம்புக் கையோடு பக்கத்திலேயே நிற்கிறேன்!

“அப்ப அடுத்த தகரத்த நீயே வெட்டு,” என்று உளியை அவர் முன்னால் போட்டேன்.

வெட்டினார். சுழிக்குக் குறுக்கே துண்டு விடவில்லை. தூக்கியதும் சுழிக்குள் இருந்த தகரம் டங்கென்று என் காலடியில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

குனிந்து எடுத்துக் கொடுக்காமல் நின்றேனே, அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.