பத்துப் பத்தாகக் கட்டிய குழாய்கள்

என்னிடம் படித்த ஒரு சிறுமிக்கு நான் எழுத்துச் சொல்லித் தரவில்லை. முடியாமல் அல்ல. அவள் கைவேலையோடு நின்றுவிட்டது எனக்கு வசதியாக இருந்தது.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. செயல்வழிக் கற்றல் வந்த புதிது. பெஞ்சுகளை எடுத்துவிட்டுப் பாய் விரித்தோம். பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து அட்டை எடுத்துப் படிக்க வேண்டும். கணக்கைக் கையால் செய்து பார்க்க வேண்டும். பத்துகளும் ஒன்றுகளும் சொல்லித்தர மற்ற ஊர்களில் ஈர்க்குச்சியோ புளியங்கொட்டையோ வைத்தார்கள். நான் காகிதக் குழாய் உருட்டச் சொன்னேன். பட்டாசுக்குள் மருந்து அடைக்கிற குழாய்தான். பழைய நோட்டுத் தாளைக் கம்பியில் சுற்றி, பசை தடவி, கம்பியை உருவ வேண்டும். எங்கள் பிள்ளைகள் வீட்டில் அன்றாடம் செய்கிற வேலை. பத்துக் குழாய் ஒரு கட்டு.

அந்தச் சிறுமியின் கைக்கு ஈடாக வகுப்பில் யாரும் இல்லை. எழுத்து அட்டையைக் கொடுத்தால் மட்டும் வாசிக்கத் தெரியாமல் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் வைத்துச் சொல்லித் தந்திருக்க வேண்டும். ஆனால் பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி அவள் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டார். “கையில என்ன லாவகம் பாருங்க. இதுதான் சார் செயல்வழி” என்று என் தோளைத் தட்டினார். பிறகு பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களை அழைத்துவந்து காட்டினார்.

அதன்பின் யார் வந்தாலும் அவளைக் கணக்கு மூலையில் உட்காரவைத்தேன். யாரும் வராத நாட்களிலும் அவளே அங்கே போய் உட்கார ஆரம்பித்தாள். நான் எழுப்பவில்லை. தமிழ்க் குழுவில் தடுமாறி என் வகுப்பின் பெயரைக் கெடுத்துவிடுவாளோ என்ற பயம்.

“ஏலே, கம்பெனி தொறந்தாச்சு, லோடு ஏத்துங்கலே” என்று பையன்கள் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன்.

தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலை முடிந்து வரும் வழியில் அவள் அம்மா பள்ளிக்கு வந்தாள். “சார், வீட்டுலயும் கொளாய்தான் உருட்டுதா, இங்கனயும் அதத்தான் உருட்டுதாளாம். எளுத்து எப்ப சார் சொல்லிக் குடுப்பீக?”

“கை பழகட்டும்மா. எழுத்து தானா வந்துரும்.”

படித்தவன் சொன்னதை நம்பிப் போனாள். எழுத்து வரவேயில்லை.

ஓய்வு பெற்று வெகுநாள் கழித்து ஏழாயிரம்பண்ணை பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் கும்பிட்டாள். அந்தக் கணக்கு மூலைச் சிறுமிதான். பட்டாசு கம்பெனி வேனுக்காக நின்றிருந்தாள். நலம் விசாரித்த கையோடு செல்போனை நீட்டினாள். “பாப்பா பள்ளிக்கூடத்துல இருந்து வந்துருக்கு. என்ன போட்ருக்குன்னு பாருங்க சார்.”

பல வகை இலைகளைப் பறித்துக் கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தார்கள். நாள் கடந்துவிட்டிருந்தது.

“அதான் நேத்து அம்புட்டு அழுதாளா” என்றாள், தனக்குள் பேசுவதுபோல.

அந்த ஞாயிறு முதல் அவள் வீட்டுக்குப் போனேன். கெட்டி அட்டையில் எழுத்துகளைப் பெரிதாக எழுதி எடுத்துக்கொண்டேன். நான் செய்ததையும் அவளிடம் சொன்னேன். “விடுங்க சார், அப்ப எனக்கும் அதுதான பிடிச்சிருந்துச்சு” என்று அடுத்த அட்டையை எடுத்தாள். அவள் கணவன் கதவோரம் நின்று, “என்ன, கலெக்டர் பரிட்சைக்கா? பாத்து, தலை சுளுக்கிக்கிரும்” என்றான். அவளும் சிரித்தாள். தன் பெயரை எழுதும்வரை வந்தாள். தீபாவளி சீசன் நெருங்கியது. ஞாயிறுகளிலும் வீட்டில் குழாய் ஆர்டர் குவிந்தது.

“நீங்க வந்தா வேல நிக்குது சார்” என்று தயங்கிச் சொன்னாள். அட்டைகளை விட்டுவிட்டு வந்தேன்.

தீபாவளி கழிந்து போய்ப் பார்த்தேன். அவள் உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகள் குழாய்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“எண்ணாமயே கட்டுவா சார். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி, பத்துப் பத்தா.”

பசைச் சட்டியில் என் அட்டை ஒன்று செருகியிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு, “கெட்டியா இருக்கு சார், பசை வளிக்க நல்லாருக்கு” என்றாள்.

“பாப்பாவ ஞாயித்துக்கிழமை எங்கிட்ட அனுப்புறியாம்மா?”

“கை பளகட்டும் சார். எளுத்து தானா வந்துரும்னு நீங்கதான எங்கம்மாட்டச் சொன்னீக.”

குத்திக்காட்டவில்லை. நம்பித்தான் சொன்னாள்.