நீலத்தைக் காணாத மீற்றர்

வெளிச்சத்தை அளக்க ஒரு மீற்றர் வாங்கப் போன என்னை இந்த நகரத்துக் கடைகள் நடத்திய விதத்தை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. வேலைக்காலம் முழுவதும் ஒரு திணைக்களத்தின் கொள்வனவுப் பிரிவில் இருந்தவன் நான். மேசை விளக்கு வாங்குவதென்றாலும் விவரக்கூற்று எழுதி, விலைமனு கோரி, தொழில்நுட்பக் குழுவைக் கூட்டிய பிறகே கையெழுத்து வைத்தவன். அப்படிப்பட்ட என்னிடமே இந்த வேலையைக் காட்டினார்கள்.

ஓய்வு பெற்றபின் எங்கள் வெள்ளவத்தை பிளாட்டின் முன்னறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ரயில் பாதையைத் தாண்டினால் கடல் கிடக்க, வீட்டுக்குள் எதற்கு இன்னொரு கடல் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் வெளியில் உள்ள கடலில் எனக்கென்று ஒரு கடற்சாமந்தி இல்லை. பாறையில் ஒற்றைக் காலை ஊன்றி, நூறு விரல்களை விரித்து ஆடுகிற பிராணி அது. ஒரு சோடிக் கோமாளி மீன்கள் அந்த விரல்களுக்குள் குடியிருந்தன. அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் விளக்கு வெளிச்சத்தில் உணவு தயாரிக்கின்றன. அந்த உணவில்தான் சாமந்தி பிழைக்கிறது. வெளிச்சம் குறைந்தாலும் அது வெளிறும், கூடினாலும் வெளிறும். என்னுடையது வெளிறத் தொடங்கியது. குறைவா கூடுதலா என்று தெரியாமல் விளக்கில் கைவைத்தால் சாகும்.

கொட்டாஞ்சேனையில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்காரரிடம் படத்தைக் காட்டினேன்.

"வெளிச்சம் பத்தாது சேர். கூட்டி விடுங்க."

"பத்தாது எண்டு எப்பிடித் தெரியும்? அளந்து பாத்தனீரோ?"

"அளக்குறதா? பாத்தாலே தெரியுமே சேர். எங்கப்பா காலத்துலருந்து மீன் விக்கிறோம்."

"உங்கட அப்பா காலத்தில எல்.ஈ.டி. விளக்கு இருந்ததோ?"

அவர் சிரித்தபடி ஒரு பக்கற் மீன் தீனியை இலவசமாகத் தந்து அனுப்பினார். சாமந்தி தீனியில் குறைபட்டதாக நான் சொல்லவேயில்லை.

அளக்காமல் எதையும் செய்யும் பழக்கம் எனக்கில்லை. காலி வீதியில் அளவைக் கருவிகள் விற்கும் பெரிய கடையொன்றுக்குப் போனேன். குளிரூட்டிய கடை. கண்ணாடி அலுமாரிகளின் மேல் கட்டடப் பகுதி, போட்டோப் பகுதி, விவசாயப் பகுதி என்று பலகைகள். விற்பனையாளரான இளைஞர் எதை அளக்கப் போகிறேன் என்று கேட்கவில்லை. நான் யாரென்று கேட்டார்.

"சேர் என்ன செய்றீங்க?"

"பென்ஷனர். வீட்டில மீன் தொட்டி இருக்கு, அதின்ர வெளிச்சத்தை அளக்கவேணும்."

"வீட்டுக்குத்தானே? அப்ப இது போதும் சேர்" என்று ஒரு லக்ஸ் மீற்றரை எடுத்து வைத்தார். கூடவே பொன்னிற முத்திரை குத்திய அளவுத்திருத்தச் சான்றிதழ் ஒன்று. வேறு வகை இருக்கிறதா என்று கேட்டதற்கு, வீட்டுப் பாவனைக்கு இதுதான் என்றார்.

அந்த மீற்றரைத் தொட்டியின் மேல் பிடித்தேன். ஒரு அலுவலக மேசைக்குக்கூடப் போதாத அளவைக் காட்டியது. கொட்டாஞ்சேனைக்காரர் சொன்னதும் சரியாகத்தான் இருக்கிறது என்று விளக்கைக் கூட்டினேன். சாமந்தி விரல்களைச் சுருக்கியது. மேலும் கூட்டினேன். அது பாறையிலிருந்து காலைக் கழற்றி, மெல்ல ஊர்ந்து, பின்பக்க இருட்டுக்குள் போய் ஒட்டிக்கொண்டது. வீடிழந்த மீன்கள் இரண்டும் வடிகட்டிக் குழாயின் பக்கத்தில் நின்று தடுமாறின.

"இஞ்சேருங்கோ, அது ஓடி ஒளிக்குது. நீங்கள் என்னெண்டா இன்னும் கூட்டுறியள்" என்றாள் மனைவி.

"மீற்றர் குறைவெண்டு காட்டுது."

"அப்ப மீற்றரைத் தூக்கித் தொட்டிக்குள்ள விடுங்கோ. வெளிச்சம் காணாதெண்டு நிக்கிறது அதுதானே."

அப்போதுதான் கருவியைச் சந்தேகிக்க முடிவு செய்தேன். விளக்கின் வெள்ளையை அணைத்து நீலத்தை மட்டும் எரியவிட்டேன். சுவரெல்லாம் நீலம், விளக்கை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மீற்றரோ எங்கள் மாடிப்படியின் மங்கல் வெளிச்சத்துக்குரிய இலக்கத்தைக் காட்டியது. விளக்கப் புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்ததில் விடயம் வெளித்தது. லக்ஸ் மீற்றர் மனிதக் கண்ணைப் போல் பார்க்கும்படி செய்யப்பட்டது. பச்சையையும் மஞ்சளையும் பெரிதாக எண்ணும், நீலத்தைக் கணக்கிலேயே எடுக்காது என்றுகூடச் சொல்லலாம். கடல் தொட்டி விளக்கில் பெரும்பகுதி நீலம். சாமந்தியின் பாசிகள் பிழைப்பதும் அந்த நீலத்தில்தான்.

திரும்பக் கடைக்குப் போனேன்.

"மீற்றர்ல பிழை இல்லையே சேர். சேர்ட்டிபிக்கட் இருக்கே" என்றார் அதே இளைஞர்.

"சேர்ட்டிபிக்கட் சரி. மனுசற்ற கண்ணுக்குச் சரி. என்ர தொட்டிக்குள்ள மனுசர் இல்லைத் தம்பி."

சொல்லும்போதே விவசாயப் பகுதி அலுமாரியில், நீண்ட வயரின் முனையில் சிறிய சென்சருடன் இன்னொரு கருவியைக் கண்டேன். அது என்ன என்று கேட்டேன்.

"அது பார் மீற்றர் சேர். செடி சாப்பாடு செய்ற வெளிச்சத்த மட்டும் அளக்குற. கிறீன்ஹவுஸ்காரங்க, எஸ்டேட்காரங்க வாங்குவாங்க."

"நீலத்தைச் சரியா எடுக்குமோ?"

கருவியோடு இருந்த விளக்கத் தாளைப் பிரித்துக் காட்டினார். ஊதாவிலிருந்து சிவப்பு வரை ஒரே சீராக எடுக்கும்.

"சென்சரைத் தண்ணிக்குள்ள இறக்கலாமோ?"

"இறக்கலாம் சேர். மூடி அடைச்ச சென்சர்."

"அப்ப இதைத் தாரும்."

"அது குடுக்க ஏலாது சேர். விவசாயப் பகுதி ஐட்டம். லெட்டர்ஹெட்டுல, சீல் வச்சு ஓடர் வரணும். தனியாளுக்குக் குடுக்குற இல்ல."

"மீன் தொட்டி எந்தப் பகுதி?"

"மீன் தொட்டிக்குப் பகுதி இல்ல சேர்."

முகாமையாளரைக் கூப்பிடச் சொன்னேன். அவரும் வந்து, பலகையைச் சுட்டிக்காட்டி, அதையே இன்னும் மரியாதையாகச் சொன்னார். என் சேவைக்காலத்தில் எத்தனையோ மடத்தனமான விதிகளை அமுல்படுத்தியிருக்கிறேன். ஆனால் எந்த விதியும் பொருளின் தகுதியை விட்டு வாங்குபவனின் தகுதியைப் பார்த்ததில்லை. இவர்களிடம் சரியான கருவி முதல் நாளே இருந்தது. பென்ஷனர் என்ற சொல்லைக் கேட்டதும் பிழையானதை எடுத்து நீட்டிவிட்டார்கள்.

தலைமை அலுவலகத்துக்குப் பிரதிகளுடன் முறைப்பாடு அனுப்பப் போவதாக வீட்டில் சொன்னேன்.

"நீங்கள் எழுதி, அவங்கள் பதில் போட, அந்தச் சீவன் செத்துப்போம்" என்றாள் மனைவி. "பிளாட் கமிற்றிச் சீல் உங்களிட்டத்தானே கிடக்கு?"

கட்டடக் குழுவின் செயலாளர் நான்தான். மொட்டைமாடியில் குழுவுக்குச் சொந்தமான கறிவேப்பிலையும் மிளகாயும் சாடிகளில் நிற்கின்றன. அதையும் தோட்டம் என்று சொல்லலாம்.

"என்னைப் பொய்க் கடிதம் எழுதச் சொல்லுறீரோ?"

"பொய் ஏன்? முதல் மேல கொண்டுபோய்க் கறிவேப்பிலையை அளவுங்கோ. பிறகு கீழ இறக்குங்கோ."

மாடியில் குடியிருக்கும் குழுத் தலைவரிடம் முறைப்படி அனுமதி கேட்டேன். "கமிற்றிச் சல்லி போகாட்டிச் சரி. குத்தும் சீலை" என்றார்.

கடிதத்தோடு போனபோது அதே இளைஞர் எழுந்து நின்று வரவேற்றார். தேநீர் வந்தது. தோட்டம் எத்தனை ஏக்கர் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு றப்பர் முத்திரைக்குக் கிடைத்த தேநீரைக் குடிக்க மனம் வரவில்லை. மீற்றரை வாங்கிக்கொண்டு, குடிக்காமலே எழுந்து வந்தேன்.

முதலில் மொட்டைமாடிக்கு ஏறிக் கறிவேப்பிலையை அளந்தேன். கடிதம் பொய்யாகக் கூடாது. அதன் பிறகுதான் சென்சரை ஒரு பிளாஸ்டிக் குழாயில் கட்டி, சாமந்தி முன்பு இருந்த பாறைக்கு இறக்கினேன். சாமந்தி தாங்குமென்று புத்தகங்கள் சொல்லும் அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மீற்றர் காட்டியது. நான் கூட்டுவதற்கு முன்பிருந்த நிலைக்கு விளக்கைக் குறைத்தும் பார்த்தேன். அப்போதும் கூடுதல்தான். வெளிச்சம் பத்தாது என்று சொன்னவர்கள் நடுவில், வெயிலில் நின்றவனைப்போல் அது காய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

சட்டென்று மாற்றினாலும் கெடுதி என்பதால், நாளுக்குக் கொஞ்சமாக இறக்கி வந்தேன். சாமந்தி மெதுவாக முன்னால் வந்தது. பழைய பாறைக்குப் போகவில்லை. தொட்டியின் மூலையில், விரல் அகப்பட்டால் உள்ளே இழுத்துவிடக்கூடிய நீரிறைக்கும் பம்பின் வாயருகே, பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாத ஓர் இடத்தில் காலை ஊன்றியது. இன்னும் வெளிறித்தான் இருக்கிறது. ஆனால் விரல்கள் விரிந்திருக்கின்றன. ஒரு மீன் உள்ளே போய்விட்டது, மற்றது வாசலில் நிற்கிறது.

அந்த மூலையில் சென்சரை இறக்கி அளந்து, விளக்கை அதற்கேற்ப நிறுத்தினேன். பிறகு பம்பைக் கழற்றி மறுபக்கத்தில் பூட்டினேன்.