ஒரு விரல் இடைவெளி

பட்டறைத் தெருவில் அவனுக்கு 'இஞ்ச்' என்று பட்டப்பெயர். சட்டைப் பையில் அளவு டேப் இல்லாமல் அவனைப் பார்த்தவர்கள் கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்திலும் வாசற்கதவை அளந்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான் என்று கேலி செய்வார்கள். ஒரு வண்டியின் எஞ்சினை இறக்கிவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு எஞ்சினை அந்த இடத்தில் உட்கார வைப்பதில் அவன் கெட்டிக்காரன்.

அவன் தங்கையின் கணவர் வாடகைக் கார் ஓட்டுபவர். அந்தப் பழைய காரின் எஞ்சின் ஒருநாள் நடுரோட்டில் புகைந்து நின்றது. உடைக்கப்போன ஒரு வேனிலிருந்து டீசல் எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தார்.

"இது உள்ள போகுமா மச்சான்?"

"போக வெச்சிடலாம் மாப்பிள்ளை. ஆனா சும்மா போகாது, மல்லுக்கட்டணும்."

மல்லுக்கட்டத்தான் வேண்டியிருந்தது. எஞ்சின் நீளம் அதிகம். முன்னால் விசிறி ரேடியேட்டரை உரசியது. விசிறியைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்கு முன்புறம் கரண்டில் ஓடும் விசிறி ஒன்றைப் பொருத்தினான். கீழே ஆயில் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடித்தது. தொட்டியை வெட்டி, அடியைச் சாய்வாக்கி மறுபடி பற்ற வைத்தான். பிறகு பானெட் மூடவில்லை. எஞ்சின் தலையில் களிமண் உருண்டைகளை வைத்து பானெட்டை அழுத்தி, எந்த உருண்டை எவ்வளவு நசுங்கியது என்று பார்த்தான். எஞ்சினைத் தாங்கும் இரும்புத் தாங்கிகளை அறுத்து அரை இஞ்ச் இறக்கினான். பத்தாவது நாள் பானெட் சத்தமில்லாமல் மூடியது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தான். இறக்கிய தாங்கியின் விளிம்புக்கும் பிரேக் பைப்புக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழைந்தது. பழைய கார், நான்கு சக்கரத்துக்கும் அந்த ஒரே பைப்தான்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் குடுங்க மாப்பிள்ளை. இந்த பைப்பை வேற வழியா கொண்டுபோயிடறேன்."

"இடிக்குதா?"

"இப்ப இடிக்கல."

"அப்புறம் என்ன மச்சான்? பத்து நாளா வீட்ல உக்காந்திருக்கேன். உங்க தங்கச்சி என்னை காய் நறுக்க வெச்சே கொன்னுடுவா. அடுத்த வாரம் கொண்டுவரேன், செஞ்சு குடுங்க."

இஞ்ச் சிரித்துவிட்டான். சாவியைக் கொடுத்தான்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை வரவில்லை. அதற்கடுத்த வாரம், பட்டப்பகலில், பாலத்துச் சரிவில் இறங்கிய கார் நிற்காமல் பஸ் நிறுத்தத்தில் ஏறிச் சுவரில் மோதியது. மாப்பிள்ளை அங்கேயே இறந்தார். பஸ்ஸுக்காக நின்றிருந்த தையல்காரப் பெண்ணுக்கு ஒரு கால் போயிற்று. ஓட்டுநரின் அதிவேகம்தான் காரணம் என்று காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள். தையல்காரியின் அண்ணன் துக்க வீட்டு வாசலுக்கே வந்து, "குடிச்சிட்டு ஓட்டி எங்க குடும்பத்தைக் கெடுத்துட்டுப் போயிட்டான்" என்று கத்தினான். மாப்பிள்ளை குடிக்க மாட்டார். ஆனால் அழுதுகொண்டிருந்த வீட்டில் அதை எடுத்துச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இஞ்சுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் காவல் நிலையத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த காருக்கு அடியில் தவழ்ந்து போனான். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. பக்கவாட்டில் ஓடிய பிரேக் பைப் மட்டும் நசுங்காமல் இருந்தது. ஓர் இடத்தில் அது தேய்ந்து, புதுக்காசு மாதிரி பளபளத்து, நடுவில் ஊசிக்கண் அளவுக்கு ஓட்டை விழுந்து, பிரேக் ஆயில் முழுக்க அதன் வழியாக வடிந்திருந்தது. நேர் எதிரே அவன் அறுத்த தாங்கியின் விளிம்பு.

அவன் அளந்தது நிற்கிற வண்டியில். மேட்டில் இழுக்கும்போது எஞ்சின் ஒருபக்கம் துள்ளும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அந்த ஒரு விரலை அது பதினைந்து நாளாகத் தின்றிருக்கிறது.

நேராகத் தங்கை வீட்டுக்குப் போனான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப அவர் பிரேக்கை மிதிச்சாராண்ணே?"

"மிதிச்சிருப்பாரும்மா. கடைசி வரைக்கும் மிதிச்சிருப்பார்."

கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டு, "இதை என்கிட்ட மட்டும் சொன்னா போதாது. அவர் மேல எங்கெல்லாம் பழி போட்டாங்களோ, அங்கெல்லாம் போய்ச் சொல்லு. அப்புறம் இந்த வீட்டுக்கு வராதே" என்றாள்.

அங்கிருந்தே காவல் நிலையத்துக்கு நடந்தான். அவன் சொன்னதைக் கேட்ட அதிகாரி முதலில் நம்பவில்லை; தங்கை குடும்பத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று நினைத்தார். வண்டிகளைப் பரிசோதிக்கும் அதிகாரி வந்து பார்த்த பிறகு எழுதியதைத் திருத்தினார்கள். வழக்கு நடந்தது. கோர்ட் வராந்தாவில் கட்டைகளை ஊன்றி நின்ற தையல்காரி அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த பைப்பை மாத்த எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"அரை நாள்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்கு ஒன்றரை வருடம் சிறைத் தண்டனை கிடைத்தது. அவன் மேல்முறையீடு செய்யவில்லை.

வெளியே வந்தபோது அவன் பட்டறை வேறொருவர் கைக்குப் போயிருந்தது. அவரிடமே வேலைக்குச் சேர்ந்தான். டயர் கழற்றுவான், மாட்டுவான். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது கூப்பிட்டால், "என்னால முடியாதுங்க" என்று நகர்ந்துவிடுவான்.

தங்கை சொன்ன சொல் மாறவில்லை. ஒரே ஒரு தடவை கடைத்தெருவில் எதிரே வந்தாள். அவன் ஒதுங்கி வழிவிட்டான். அவள் நின்று, "நேரத்துக்கு சாப்பிடறியா?" என்று கேட்டாள். அவன் வாயெடுப்பதற்குள் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.