பானைக்குள் ஒரு நூல் சேலை

தர்மபுரிக் கடையில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். விலை குறைந்ததில் பாட்டோடு பெட்டியின் அதிர்வும் சேர்ந்து கேட்டது. மற்றது இரண்டு மடங்கு விலை. "இதுக்குள்ள பஞ்சு அடைச்சிருக்காங்க சார். பொட்டி அதிராது, அதான் வெலை," என்றார் கடைக்காரர்.

பஞ்சு என்றதும் இண்டூர் வீட்டு மண்பானை நினைவுக்கு வந்தது.

அப்பா டேப் ரெக்கார்டருக்குத் தனி ஸ்பீக்கர் வாங்கி வந்து, அப்போது எல்லோரும் செய்ததுபோல் பானையின் வாயில் கவிழ்த்து வைத்தார். சந்தையில் தட்டித் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்ததாக அவர் பொறுக்கிய பானை. தெருவே வந்து கேட்டு மெச்சியது. ராகி புடைத்துக்கொண்டிருந்த அம்மா மட்டும், "ஏங்க, பாட்டு எங்க கேக்குது? பானைதான பாடுது," என்றாள்.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. அம்மா எழுந்துபோய்ப் பழைய நூல் சேலை ஒன்றைக் கொண்டுவந்து பானைக்குள் தளர்வாகச் சுருட்டிப் போட்டாள். மறுபடி பாட்டு வைத்தபோது பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பாட்டு முடிந்ததும் அப்பா ஸ்பீக்கரைத் தூக்கிப் பானைக்குள் பார்த்தார். பிறகு, "உனக்கு யாரு சொன்னது?" என்றார்.

"காலிக் குதிர்ல பேசுனா எதிர்ச்சத்தம் வருது. ராகி கொட்டிட்டா வருதுங்களா?" என்று முறத்தை எடுத்துக்கொண்டாள்.

விலை குறைந்ததையே கட்டித் தரச் சொன்னேன். கடையிலிருந்தே அம்மாவுக்குப் போன் செய்து, பழைய நூல் சேலை இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"ஸ்பீக்கர் பொட்டி ஒண்ணா, ரெண்டாடா?" என்றாள்.