அசையாமல் படுக்கத் தெரியாத தொக்தாசின்

தொக்தாசினுக்கு எழுபத்தெட்டு வயது. கஜகஸ்தானின் அல்மாத்தி நகரில் நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்து ஒன்பது மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் போவார். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகளும் தவறிப்போனதால், சாவு இதோடு நிற்கட்டும் என்ற பொருளில் தொக்தாசின் என்று பெயர் வைத்தார்களாம்.

"பேருக்குத்தான் நிக்கட்டும். இந்தக் கிழவன் ஒரு இடத்துல நின்னு நான் பாத்ததில்ல" என்பாள் மனைவி ரிஸ்தி.

போன மார்ச்சில் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடிப் படியில் மயங்கி விழுந்தார். நான் நர்ஸாக இருக்கும் இதய மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் இடத்து வால்வு, சுண்ணாம்பு படிந்து கல்லாகியிருந்தது. நெஞ்சைத் திறந்து மாற்றலாமென்றால், பதினெட்டு வருடங்களுக்கு முன்பே பைபாஸுக்காக ஒரு முறை திறந்த நெஞ்சு அது. சிறுநீரகமும் பாதிதான் வேலை செய்தது. மறுபடி திறந்தால் தாங்கமாட்டார். சுருக்கி மடித்த புது வால்வைத் தொடை ரத்தக்குழாய் வழியாகக் கொண்டுபோய்ப் பழையதற்குள்ளேயே விரித்துவிடலாம் என்றார் டாக்டர் ஷோல்பான்.

"அதை எதுல செய்யிறாங்க?" என்று கேட்டார் தொக்தாசின்.

"மாட்டு இதயத்தைச் சுத்தியிருக்கிற சவ்வுல, தாத்தா."

"குதிரையில கிடையாதா?"

"கிழவா, இது என்ன கல்யாண விருந்தா, குதிரைக்கறியாப் பொறுக்கித் திங்க?" என்றாள் ரிஸ்தி.

சிரித்தார். ஆனால் சிகிச்சை நாளன்று காலையில் கட்டில் காலியாக இருந்தது. தேடிப் போனேன். மூன்றாவது மாடிப் படி வளைவில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"லிஃப்ட்டு கரகரங்குது. என்னன்னு பாக்கலாம்னு..." என்று மூச்சு வாங்கினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "பொய்யிம்மா. படுக்க முடியல. கண்ணை மூடினா திரும்பத் திறக்க மாட்டேனோன்னு பயமா இருக்கு."

சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக் கீழே கொண்டுவந்தேன். ஷோல்பான் கோபத்தில் சிவந்துபோனார். ரிஸ்தி கணவருடைய செருப்பை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

தொடையில் மட்டும் மரத்துப்போக ஊசி. லேசான மயக்கம். அசையக்கூடாது என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல்கள் என் உள்ளங்கையில் ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தன.

"தாத்தா, வால்வை விரிக்கிறப்ப இதயத்தை வேணும்னே வேகமா ஓட வைப்போம். பத்து நொடிக்குத் தலை சுத்தும், பொறுத்துக்கங்க" என்றார் ஷோல்பான்.

ரத்த அழுத்தம் சரிந்தது. அவர் முகம் சாம்பலானது. தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. திரையில் வால்வு பூப்போல விரிந்தது. அழுத்தம் ஏறியது. காதுமடலில் ரத்தம் ஓடிச் சிவந்தது.

நாங்கள் நிமிர்வதற்குள் துடிப்பு முப்பதுக்கு இறங்கியது. புது வால்வு அழுத்தியதில், துடிக்கச் சொல்லும் மின்பாதை அடைபட்டுவிட்டது. ஏற்கெனவே ரத்தக்குழாய் வழியாக இதயத்தில் விட்டிருந்த கம்பியில் மின்சாரம் செலுத்தித் துடிப்பைச் சீராக்கினார் ஷோல்பான். அந்தக் கம்பி நகர்ந்தால் ஆபத்து. அதனால் பாதை திறக்கிறதா என்று பார்க்க மூன்று நாள் மல்லாந்தே கிடக்க வேண்டும்.

"மூணு நாளா? அதுக்கு என்னைக் கொன்னே போட்டிருக்கலாம்" என்றார்.

ரிஸ்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பால் தேநீரைக் கரண்டியால் ஊட்டினாள். ஐம்பது வருடத்துச் சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி சண்டை போட்டாள். அவர் பதில் சொல்லும் மும்முரத்தில் கால் அசைப்பதை மறந்தார். பாதை திறக்கவில்லை. நான்காம் நாள் தோள்பட்டைக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினோம்.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார்கள். அவருக்கு மூச்சு வாங்கவில்லை, முன்பிருந்த கால் வீக்கமும் வற்றியிருந்தது. முறை வந்ததும் பெயரைக் கூப்பிட்டேன். ரிஸ்தி மட்டும்தான் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க அவரு?"

"யாருக்குத் தெரியும்? நெஞ்சுக்கோளாறுதான் இந்தாளை உக்கார விடலைன்னு நெனச்சேன் பாரு" என்று அலுத்துக்கொண்டே தேட எழுந்தாள்.