ஈஸியா ஒரு ப்ளூஸ்

ஜாஸ் வாசிப்பவர்களைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளை நான் பார்த்ததில்லை. பங்சாரில் ஒரு பல் டாக்டர் வீட்டு ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐந்தாறு பேர் கூடுவோம். டாக்டர் சாக்ஸபோன் ஊதுவார், நான் கீபோர்டு. யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பார்த்தால் தன் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம் எல்லோருக்கும். சிரித்துக்கொண்டு வாசித்தால் போச்சு, இவனுக்கு விஷயம் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பல்லைப் பிடுங்கும்போதுகூட அந்த மனிதர் அத்தனை கடுகடுப்பாக இருக்கமாட்டார்.

அங்கே யாரும் யாரையும் வாய்விட்டுத் திட்டுவதில்லை. அதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். தனியாக வாசிக்கும் முறை வரும்போது ஒருவன் சொதப்பினால், டாக்டர் அடுத்து மெதுவான ப்ளூஸ் ஒன்றை அறிவிப்பார். இடது கையில் மாற்றி மாற்றி அழுத்த மூன்றே கார்ட்ஸ், மூன்றே சுரக்கூட்டுகள், கற்றுக்குட்டியும் சமாளித்துவிடலாம். "வாங்க லா, ஈஸியா ஒன்னு போவோம்," என்பார். யாருக்காக அந்த ஈஸி என்று எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் எனக்காகத்தான். பிச்சை போடுவது மாதிரி.

ஏனென்றால் நான் கல்யாணத்தில் வாசிக்கிறவன். வார நாட்களில் பிரிக்பீல்ட்ஸில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன், அது சோற்றுக்கு. சனிக்கிழமைகளில் கிள்ளான் பக்கத்துக் கல்யாண டின்னர்களில் என் மனைவி பாடுவாள், நான் வாசிப்பேன். வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது குறைவு, எந்தப் பேச்சை எடுத்தாலும் சண்டையில்தான் போய் நிற்கும். மேடையில் மட்டும் அவள் ஒரு வரியை முடித்துவிட்டு என் பக்கம் திரும்புவாள். நான் பதிலுக்கு ஒரு சின்னச் சங்கதி போடுவேன். அவள் முகம் மலரும். எங்களிடம் மிச்சம் இருந்த சந்தோஷம் அவ்வளவுதான், அது போனால் எங்களுக்குள் ஒன்றும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பங்சாருக்குப் போக ஆரம்பித்த பிறகு அவள் பாட்டுகள் எனக்குத் திகட்டின, அல்லது திகட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எதை வாசித்தாலும் டாக்டர் பின்னால் நின்று உதட்டைப் பிதுக்குவது போலவே இருக்கும். அவள் திரும்பிப் பார்க்கும் நேரத்தில் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பேன்.

டாக்டர் தன் மகள் கல்யாண டின்னருக்கு என்னைக் கூப்பிட்டபோது, ஜாஸ் வாசிக்கத்தான் என்று நம்பிப் புதுச் சட்டைகூட எடுத்துவிட்டேன்.

"ஜாஸ் நாங்க பாத்துக்கிறோம் தம்பி. வேற பியானோ ஆளு வராரு," என்றார். "சாப்பாட்டுக்கு அப்புறம் நம்ம ஆளுங்களுக்கு நீங்க வாசிங்க. குத்து மாதிரி, ஜாலியா."

"ஒய்ஃபும் பாடுவாங்க அங்கிள்," என்றேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"அதான் வேணும். உங்களுக்கு அதுதானே நல்லா வருது."

கிள்ளான் மண்டபத்தில் முதலில் அவர்கள் வாசித்தார்கள். ஜனம் மட்டன் பெரட்டலில் கவனமாக இருந்தது. கைதட்ட ஒருவருமில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு ஆன்டி ஆள் அனுப்பினார். எனக்குப் பெரட்டல் அன்று கூடுதலாக ருசித்தது.

பிறகு நாங்கள் ஏறினோம். இரண்டாவது பாட்டிலேயே நாற்காலிகள் ஓரத்துக்குப் போயின. ஆட இறங்கிய முதல் ஆள் டாக்டர். கோட்டைக் கழற்றித் தலைக்கு மேல் சுற்றினார். ஞாயிறுகளில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்தக் கூட்டமே வாய்கொள்ளாமல் சிரித்தது. அவர்களுக்கும் இந்தப் பாட்டுதான் பிடிக்கிறது. பிடிப்பது தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் இத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார்கள். இவர்களிடமா நான் கூனிக் குறுகி நின்றேன் என்று ஆத்திரம் பொங்கியது.

அந்த ஆத்திரத்தில்தான் செய்தேன். மணமக்கள் கேக் வெட்டும்போது ஒரு மெல்லிய பாட்டு உண்டு. அவள் எடுப்பதற்கு முன்னால் நான் நாலு கார்ட்ஸ் வாசிப்பேன், அதில் கடைசியானதிலிருந்து அவள் தன் சுருதியைப் பிடித்துக்கொள்வாள். நான் அந்த நாலையும் மாற்றினேன். பங்சாரில் பொறுக்கிய கோணல் கார்ட்ஸ், சுரத்துக்கு மேல் சுரமாக அடுக்கியவை. எனக்கும் வரும் என்று டாக்டருக்குக் காட்ட வேண்டும். அவர் ஒருவருக்குப் புரிந்தால் போதும்.

அவளுக்குச் சுருதி கிடைக்கவில்லை. தப்பான இடத்தில் எடுத்தாள். மைக்கில் அது அப்பட்டமாகக் கேட்டது. நிறுத்தி மறுபடி எடுத்தாள், மறுபடியும் தப்பு. மணப்பெண் கத்தியைப் பிடித்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். அடக்காதவர்கள் நிறையப் பேர். டாக்டர் மேடைப் பக்கம் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பரவால்ல லா. ஈஸியா ஒன்னு போங்க."

அவர் சொன்னது என்னை. கூட்டம் அவளைச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

காரில் கேட்டாள். "வேணும்னுதானே செஞ்சீங்க?"

"அது ஜாஸ்ல வாசிக்கிற கார்ட்ஸ்."

"என் பாட்டு உங்களுக்கு அசிங்கமா இருக்கு. நான் திரும்பிப் பாக்குறப்பல்லாம் மூஞ்சிய எப்படி வச்சிருக்கீங்கன்னு தெரியுமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் அந்தக் கார்ட்ஸ் எப்படி அமைகின்றன என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் ரேடியோவைப் போட்டாள்.

அடுத்த டின்னருக்கு லாப்டாப்பை எடுத்துவந்தாள். வாத்தியம் மட்டும் பதிவாகி, குரல் இல்லாத டிராக்குகள் அதில் இருந்தன. "கீபோர்டு வேணாம். நீங்க ஸ்பீக்கர மட்டும் வண்டியில ஏத்தி இறக்குங்க," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இது என்னப் பாத்து மூஞ்சி சுளிக்காது," என்றாள்.

ஸ்பீக்கரை மேடையில் ஏற்றிவிட்டுப் பின்னால் ஒரு மேசையில் போய் உட்கார்ந்தேன். கேக் வெட்டும் நேரம் வந்தது. அதே பாட்டு. சுருதி கச்சிதமாக நின்றது, அவள் குரல் அவ்வளவு நன்றாக இருந்து நான் கேட்டதில்லை. மேசைத் துணிக்கு அடியில் என் விரல்கள் தொடையில் வாசித்துக்கொண்டிருந்தன. சாதாரணக் கார்ட்ஸ், பழைய சங்கதி. அத்தனை சந்தோஷமாக இருந்தது. பக்கத்து நாற்காலி அங்கிள் என் கையைப் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, மியூசிக் தெரியுமா?"

"தெரியாது அங்கிள்," என்றேன்.